வேலைத்தளத்தில் சிறுநீர்ப் பரிசோதனை: தொழில்தருநர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்க முடியாது

பேலியகொடையிலுள்ள ஒரு பொருள் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதில். அவருடைய நிறுவனம் அண்மையில் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. சாரதி முதல் எழுதுவினைஞர் வரை எல்லா ஊழியரும், முன்னறிவித்தல் இன்றி, கேட்கும் நாளில் சிறுநீர் மாதிரி கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது மேற்பார்வையாளர் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார். மறுப்பவர் போதைப்பொருள் பாவித்தவராகவே கருதப்படுவார். கூடவே ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மதப் படிவம் ஒன்றும் கையொப்பத்துக்குத் தரப்பட்டுள்ளது. இந்தச் சகோதரி போதைப்பொருளைத் தொட்டவர் அல்லர். ஆனால் பதினான்கு வயதிலிருந்து வலிப்பு நோய்க்காகப் பீனோபார்பிட்டோன் மாத்திரை எடுத்து வருகிறார். அது அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும் இந்த நேரத்தில் தெரியவரக்கூடாது என்றும் அவர் அஞ்சுகிறார். கையொப்பமிட வேண்டுமா, மறுத்தால் வேலை போய்விடுமா என்பவைதான் அவருடைய கேள்விகள்.

முதலில் நேரடியான விடையைச் சொல்லிவிடுகிறேன். படிவத்தை இப்போதுள்ள வடிவத்தில் கையொப்பமிட வேண்டாம்; அதே வேளை வாய்மொழியாக "மாட்டேன்" என்று மறுத்துவிட்டு வரவும் வேண்டாம். எந்த நிபந்தனைகளின் கீழ் பரிசோதனைக்கு உடன்படுகிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஏன் அப்படிச் செய்ய வேண்டும், எந்த நிபந்தனைகளைக் கேட்க வேண்டும் என்பதை விளங்கிக்கொண்டால்தான் மனிதவளப் பிரிவின் முன்னால் தடுமாறாமல் பேச முடியும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தொழில்தருநரின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தொழில் வழக்குகளில் முப்பது ஆண்டுகளாக இரு பக்கத்துக்கும் தோன்றி வந்தவன் என்ற முறையில், கொள்கலன் முற்றங்களில் நடந்த விபத்துகளின் கோப்புகளை நான் படித்திருக்கிறேன். துறைமுகத்திலிருந்து ஒருகொடவத்தை வழியாக நாற்பது அடிக் கொள்கலனை இழுத்துச் செல்லும் பிரைம் மூவர் சாரதியின் கண் ஒரு நொடி மங்கினாலும், பக்கத்தில் முச்சக்கர வண்டியில் போகிறவர் உயிரோடு வீடு திரும்பமாட்டார். வேலைத்தளப் போதைப்பொருள் பரிசோதனை உலகில் வேரூன்றியதும் இத்தகைய அச்சத்திலிருந்துதான். 1987 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் சேஸ் என்ற இடத்தில், சிவப்புச் சமிக்ஞையைத் தாண்டி வந்த சரக்குப் புகையிரத எஞ்சின்கள்மீது பயணிகள் புகையிரதம் மோதியதில் 16 பேர் இறந்தார்கள். எஞ்சினைச் செலுத்தியவர் கஞ்சா புகைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. அந்த விபத்து எழுப்பிய கோபம் தணியாத நிலையில், 1991 இல் போக்குவரத்துத் துறை ஊழியர்களுக்குக் கட்டாயப் பரிசோதனையை விதிக்கும் சட்டம் அங்கே நிறைவேறியது. கப்பற்றுறையிலும் இதே போக்குத்தான்: கடலோடிகளுக்கான சர்வதேச சமவாயத்தின் 2010 ஆம் ஆண்டு மணிலாத் திருத்தங்கள், கடமையிலுள்ள அதிகாரிகளின் குருதியில் மதுசாரம் 0.05 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று வரம்பிட்டன.

ஆகவே போர்க்லிப்ட் இயக்குபவர், பாரந்தூக்கி இயக்குபவர், கனரக வாகனச் சாரதி ஆகியோரைப் பொறுத்தவரை, வேலை நேரத்தில் அவர்கள் தெளிவாக இருக்கிறார்களா என்று கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அது அதன் கடமையும்கூட. ஆனால் சுற்றறிக்கை கேட்பது அந்தக் கேள்வியை அல்ல. இதை அலுவலகங்களில் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. மூச்சுப் பரிசோதனை, ஒருவர் இப்போது மதுபோதையில் இருக்கிறாரா என்பதை ஓரளவுக்குச் சொல்லிவிடும். சிறுநீர் அப்படிப்பட்டதல்ல. உடல் ஒரு பொருளைச் சிதைத்து வெளியேற்றிய பின் எஞ்சும் கழிவையே அது காட்டுகிறது. ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமைன் இரண்டு முதல் நான்கு நாட்கள் வரை சிறுநீரில் தென்படலாம். கஞ்சாவின் கழிவுப்பொருள், தொடர்ந்து பாவிப்பவரின் உடலில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். போயா விடுமுறையில் ஒருவர் செய்ததை அடுத்த வாரம் புதன்கிழமை காலை சிறுநீர் சொல்லிக் கொடுத்துவிடும். புதன்கிழமை காலை அவருடைய கை நடுங்கியதா, கண் தெளிவாக இருந்ததா என்பதை மட்டும் சொல்லாது. பாதுகாப்புக்காகப் பரிசோதிக்கிறோம் என்று தொடங்கும் நிறுவனம், தன்னை அறியாமலே ஊழியரின் விடுமுறை நாட்களை விசாரிக்கும் இடத்துக்கு வந்து நிற்கிறது.

இன்னொரு சிக்கல், பரிசோதனை முடிவையே நம்பலாமா என்பது. பெரும்பாலான வேலைத்தளங்களில் பயன்படுவது உடனடி முடிவு காட்டும் மலிவான பரிசோதனைப் பட்டிகள். அவை ஒரு பொருளைத் தனித்து அடையாளம் காண்பதில்லை; அதைப் போன்ற வடிவமுள்ள மூலக்கூறுகளுக்கும் வினைபுரிந்துவிடும். தடிமனுக்கு எடுக்கும் சூடோஎபெட்ரின், அம்பெட்டமைன் பாவித்ததாகக் காட்டலாம். கொடீன் கலந்த வலிநிவாரணி உடலில் மோர்பினாக மாறுவதால், ஹெரோயின் பாவித்தாரோ என்ற ஐயத்தைக் கிளப்பும். சமையலுக்கு அரைக்கும் வெள்ளைக் கசகசாவிலும் மோர்பின் சிறிதளவு உண்டு. அதனாலேயே அமெரிக்காவில் 1998 இல் ஓபிய வகைக்கான வரம்பை ஒரு மில்லிலீற்றருக்கு 300 நனோகிராமிலிருந்து 2000 ஆக உயர்த்தினார்கள். (கொழும்பில் பலூடாவில் மிதக்கும் கறுப்பு விதையையும் நாம் கசகசா என்றே சொல்கிறோம், அது துளசி இனத்து விதை, அதனால் இந்தச் சிக்கல் வராது.) ஆயுர்வேதம் நம் நாட்டில் சட்டபூர்வமான மருத்துவ முறை, அதன் சில மருந்துகளில், குறிப்பாக மதன மோதகத்தில், கஞ்சா சேர்கிறது.

ஐயம் வந்தால் அதே மாதிரியை வாயு நிறப்பகுப்பியலும் திணிவு நிறமாலையியலும் சேர்ந்த, ஒவ்வொரு பொருளையும் தனித்துப் பிரித்து அடையாளம் காணும் முறையில் ஆய்வுகூடத்தில் மீளப் பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும். அதற்குச் செலவும் நாட்களும் ஆகும் என்பதால் பல நிறுவனங்கள் பட்டியோடு நிறுத்திக்கொள்கின்றன. அதன் விளைவை ஒரு கணக்கால் காட்டுகிறேன்; எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 400 பேர் உள்ள நிறுவனத்தில் 8 பேர் போதைப்பொருள் பாவிப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாவிக்காத நூறு பேரில் ஐவரைப் பட்டி தவறாகப் பிடிக்கிறது என்றால், மீதி 392 பேரில் ஏறத்தாழ 20 பேர் குற்றமற்றவர்களாக இருந்தும் சிக்கிக்கொள்வார்கள். பாவிக்கும் எட்டுப் பேரும் தப்பாமல் பிடிபட்டாலும், பிடிபட்ட 28 பேரில் பெரும்பான்மையினர் எதுவும் செய்யாதவர்கள். பற்கொதிக்கு எடுத்த மாத்திரையால் இப்படிச் சிக்கி, அன்று மாலையே வாயிலட்டையைப் பறிகொடுத்த சாரதி ஒருவருக்காக நான் தோன்றியிருக்கிறேன். அவர் கொடுத்த மாதிரியை மீளப் பரிசோதிக்கக் கேட்டபோது, அதை அன்றே ஊற்றிவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. மருந்துத் துண்டு அவருடைய சட்டைப் பையில் இருந்தது; அதைப் பார்க்க யாரும் கேட்கவில்லை.

இனி உங்கள் மாத்திரைக்கு வருகிறேன். பீனோபார்பிட்டோன், பார்பிட்டுரேட் எனப்படும் உறக்கமூட்டும் மருந்து வகையைச் சேர்ந்தது. ஐந்து வகைப் பொருட்களை மட்டும் தேடும் வழக்கமான பட்டியில் அந்த வகை இல்லை. பத்து வகை தேடும் பட்டிகளில் பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே நீங்கள் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தெந்தப் பொருட்களைத் தேடுகிறீர்கள் என்பது. இது எந்த ஊழியரும் கேட்கக்கூடிய பொதுவான கேள்வி. அதைக் கேட்பதால் உங்கள் நோயைப் பற்றி எதுவும் வெளிப்படாது.

மேலாளர்கள் இந்த இடத்தில் தவறாமல் ஒரு பழமொழியைச் சொல்வார்கள்: மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? திருட்டுப் பொருளைக் கொண்டுபோகிறவனை மனத்தில் வைத்தே அவர்கள் அதைச் சொல்கிறார்கள். உங்கள் மடியில் இருப்பது திருட்டுப் பொருள் அல்ல, நோய். ஒரு கோப்பைச் சிறுநீரிலிருந்து நீரிழிவு தெரியும், கர்ப்பம் தெரியும், மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பது தெரியும். அவற்றை மறைப்பவர் குற்றவாளி அல்லர். வலிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் சம்பந்தம் பேச வந்தவர்கள் எழுந்து போகும் சமூகத்தில், அந்தச் சொல்லை யாரிடம், எப்போது சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை நோயாளிக்கே உரியது. அதை ஒரு மேற்பார்வையாளரின் கையில் கொடுப்பதை எந்தப் பாதுகாப்புக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது, அதிலும் கணக்கு எழுதும் ஒருவர் விடயத்தில்.

கனடாவின் உயர் நீதிமன்றம் 2013 இல் தீர்த்த ஒரு வழக்கு இதற்குப் பொருந்துகிறது. ஓர் காகித ஆலை, ஆபத்தான பணிகளில் உள்ளோருக்கு முன்னறிவித்தல் இல்லாத மூச்சுப் பரிசோதனையைத் தானாகவே விதித்தது. முறைப்பாடு செய்தவர், பல ஆண்டுகளாக மது அருந்தாத ஒரு தொழிலாளி. அவருடைய பரிசோதனை முடிவு பூச்சியம். மடியில் கனமே இல்லாதவர்தான் அந்த வழியை எதிர்த்தார். ஆலையில் 15 ஆண்டுகளில் மதுசார்ந்த சம்பவங்கள் எட்டு மட்டுமே பதிவாகியிருந்தன. வேலை ஆபத்தானது என்பது மட்டும் போதாது, அந்தத் தளத்தில் மதுப் பிரச்சினை உண்மையில் இருப்பதைத் தொழில்தருநர் காட்ட வேண்டும் என்ற நிலைப்பாட்டை நீதிமன்றம் ஏற்று, அந்த விதியை நடுத்தீர்ப்புச் சபை நீக்கியது சரியே என்றது.

எதிர்த்திசையிலும் தீர்ப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. சுவீடனின் அணுமின் நிலையம் ஒன்றில் அலுவலகத் துப்புரவுப் பணி செய்த பெண், கட்டாயப் பரிசோதனைக்கு எதிராகச் செய்த முறைப்பாட்டை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2004 இல் ஏற்க மறுத்துவிட்டது. அணுமின் நிலையத்தின் உள்ளே துப்புரவுத் தொழிலாளியையும் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பதை என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. பேலியகொடையில் கணக்கு எழுதுபவரை அந்த வாதம் எட்டாது.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது? தனியார் துறையில் போதைப்பொருள் பரிசோதனையை ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் இத்தகைய சுற்றறிக்கைகள் பிறக்கின்றன. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை தனியாக எழுதப்படவில்லை. இழிவாக நடத்தப்படுவதற்கு எதிரான 11 ஆம் உறுப்புரையும் சமத்துவத்துக்கான 12 ஆம் உறுப்புரையும் உள்ளன; ஆனால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்வது ஆட்சித்துறை அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராக மட்டுமே முடியும், அதுவும் ஒரு மாதத்துக்குள். அரச கூட்டுத்தாபனம் ஒன்றில் பணிபுரிபவருக்கு அந்தக் கதவு திறக்கலாம். தனியார் நிறுவன ஊழியரான உங்களுக்குத் திறக்காது. உங்களுக்குள்ள பழைய வழி உரோமன் டச்சுச் சட்டத்தினுடையது: ஒருவருடைய மானத்தையும் ஆளுமையையும் வேண்டுமென்றே புண்படுத்துபவரிடம் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரலாம். ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கச் சிறுநீர் கழிக்கச் செய்வது அந்த எல்லையைத் தொடுகிறது என்பது என் கருத்து. கட்டாயப் பரிசோதனைக்குப் பேர்போன அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே, மாதிரியில் கலப்படம் செய்த சந்தேகம் போன்ற குறிப்பிட்ட சந்தர்ப்பங்களில் மட்டுமே நேரடிப் பார்வையை அனுமதிக்கிறது; அப்போதும் பார்ப்பவர் அதே பாலினத்தவராக இருக்க வேண்டும்.

புதிய வழி, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். உடல்நலம் பற்றிய தரவை அது விசேட வகையாகப் பிரித்து வைத்து, கூடுதல் நிபந்தனைகளை விதிக்கிறது. எந்த நோக்கத்துக்காகச் சேகரிக்கிறீர்கள், அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் சேகரிக்கிறீர்களா, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்ற கேள்விகளுக்கு நிறுவனம் விடை சொல்ல வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2025 மார்ச்சில் தொடங்கவிருந்த அதன் முக்கிய பகுதிகளின் அமுலாக்கம் பிற்போடப்பட்டது பெரும் ஏமாற்றம். ஆயினும் தரவைக் கையாளும் நியாயமான முறை எது என்பதை நாடாளுமன்றமே எழுதி வைத்துவிட்டது. உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

அந்தச் சட்டத்தின்படி சம்மதம் என்பது சுதந்திரமாகவும், எதற்கு என்று விளங்கிக்கொண்டும் கொடுக்கப்பட வேண்டும். இங்கே எனக்கு உண்மையான கோபம் வருகிறது. கொழும்பின் களஞ்சியசாலைகளில் கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பிள்ளைகளும் மலையகத்திலிருந்து வந்த பிள்ளைகளும் ஆங்கிலப் படிவங்களில் "இங்கே போடுங்கள்" என்று சுட்டிய இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டு வருகிறார்கள். வாசித்து விளங்க முடியாத தாளில், வேலை போகும் என்ற அச்சத்தில் இடும் கையொப்பத்தைச் சம்மதம் என்று அழைக்க முடியாது. தமிழ்ப் பிரதி கேளுங்கள். கேட்பது அடாவடி அல்ல.

வேலை போகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மறுப்பவர்மீது நிறுவனங்கள் வழமையாகச் சுமத்துவது போதைப்பொருள் குற்றச்சாட்டை அல்ல, கீழ்ப்படியாமைக் குற்றச்சாட்டை. ஊழியர் கீழ்ப்படியக் கடமைப்பட்டிருப்பது சட்டபூர்வமானதும் நியாயமானதுமான கட்டளைக்கு மட்டுமே. ஒழுக்காற்றுக் காரணத்துக்காக உங்களை நீக்கினால், தொழிலை முடிவுறுத்தல் பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் பொருந்தும் நிறுவனமாயின், அதன் காரணங்களை நீக்கிய பின் வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் எழுத்தில் தர வேண்டும். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ், சேவை முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்கலாம். அங்கே நீக்கம் நியாயமானது என்று காட்டும் பொறுப்பு தொழில்தருநருடையது. சபை சட்டப் புத்தகத்தை மட்டும் பார்ப்பதில்லை. நீதியும் நியாயமுமான கட்டளையை இட வேண்டியது அதன் கடமை. கணக்கு எழுதுபவரிடம் ஏன் இந்தப் பரிசோதனை, ஏன் மேற்பார்வையாளர் முன்னிலையில், முடிவை ஏன் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யவில்லை என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத நிறுவனம் அங்கே சிரமப்படும். நிபந்தனையோடு உடன்பட்டு எழுதிய கடிதம் உங்கள் கையில் இருந்தால், அதைவிட அதிகமாகச் சிரமப்படும். அவசரப்பட்டு நீங்களே பதவி விலகல் கடிதம் கொடுத்துவிட்டால், உங்களை நீக்கினார்கள் என்பதையே நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். எனவே அதைச் செய்யாதீர்கள்.

என் பார்வையில் ஒரு நிறுவனம் நியாயமாகச் செய்யக்கூடியது இது: ஆபத்தான பணிகளை மட்டும் பெயர் குறித்துப் பட்டியலிடட்டும், விபத்து நடந்த பின்னரோ, தள்ளாட்டம், குளறல் போன்ற கண்ணால் கண்ட அறிகுறியைப் பதிவு செய்த பின்னரோ பரிசோதிக்கட்டும், மதுவுக்கு மூச்சுக் கருவியைப் பயன்படுத்தட்டும், மாதிரியை இரு போத்தல்களாகப் பிரித்து முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதி வைக்கட்டும். பிடிபடுபவரை வெளியே தள்ளாமல் சிகிச்சைக்கு வழிகாட்டட்டும். சர்வதேச தொழில் அமைப்பு 1996 இல் வெளியிட்ட நடைமுறைக் கோவை, போதைப் பிரச்சினையை ஏனைய உடல்நலப் பிரச்சினைகளைப் போலவே கையாளச் சொல்கிறது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கம் அந்த உதவிக்காகவே இருக்கிறது.

உங்களுக்கு மிகவும் பயன்படும் ஏற்பாடு ஒன்றை இறுதிக்கு வைத்திருக்கிறேன். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை முறையில் ஆய்வுகூடத்தின் முடிவு நேராகத் தொழில்தருநரிடம் போவதில்லை. இடையில் மீளாய்வு வைத்தியர் ஒருவர் இருக்கிறார். முடிவு ஐயத்துக்குரியதாக வந்தால் அவர் முதலில் ஊழியரிடம் தனிமையில் பேசி, மருந்துத் துண்டைச் சரிபார்க்கிறார். மருந்து வைத்தியர் எழுதியதுதான் என்று உறுதியானால், அந்தப் பரிசோதனை பிரச்சினை அற்றது என்றே நிறுவனத்துக்கு அறிவிக்கிறார். நோயின் பெயர் கணக்குப் பிரிவை எட்டுவதில்லை. உங்கள் நிறுவனம் தன் வைத்தியர் ஒருவரை இவ்வாறு இடையில் நிறுத்த உடன்பட்டாலே உங்கள் அச்சத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஆகவே கடிதத்தை இப்படி எழுதுங்கள்: "பாதுகாப்புக்காக நிறுவனம் எடுக்கும் நியாயமான நடவடிக்கைகளுக்கு ஒத்துழைக்க நான் தயாராக இருக்கிறேன். கையொப்பமிடுவதற்கு முன் பின்வருவனவற்றை எழுத்தில் அறியத் தரவும்: எனது பணிக்கு இந்தப் பரிசோதனை தேவைப்படுவதன் காரணம், தேடப்படும் பொருட்களின் பட்டியல், மாதிரியைத் தனிமையில் கொடுப்பதற்கான ஏற்பாடு, ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்தும் முறை, முடிவை வைத்தியர் ஒருவர் மட்டும் பார்வையிடுவதற்கான உத்தரவாதம், பதிவுகள் அழிக்கப்படும் காலம். படிவத்தின் தமிழ்ப் பிரதியையும் தரவும்." உங்கள் நோயைப் பற்றியோ மாத்திரையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் வேண்டாம். திகதியிட்டு, ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைப் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள், அலுவலக மேசை இலாச்சியில் அல்ல. பரிசோதனைக்கு அழைக்கும் நாள் பதிலுக்கு முன்னரே வந்துவிட்டால், மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாம் என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். பீனோபார்பிட்டோனைத் திடீரென்று நிறுத்தினால் கடுமையான வலிப்பு வரும். அன்று கடிதத்தின் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு, நிறுவன வைத்தியரைத் தனிமையில் சந்திக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.